அயர்லாந்தின் மறுப்பு

அராஜகம் என்றால் குழப்பம் என்றே நாம் பொருள் கொண்டு பழகிவிட்டோம். அதிகாரம் ஓரிடத்தில் குவிதல் ஆகாது என்பதே அக்கொள்கையினரின் அடிப்படை வாதம். 1867-ல் ஜினீவாவில் கூடிய சமாதான மாநாட்டில், ஐரோப்பிய ஐக்கியம் ஊர்களும் மாகாணங்களும் மனமுவந்து இணைந்து கீழிருந்தே எழவேண்டும் என்றார் பக்கூனின்.

140 ஆண்டுகள் கழிந்தன. 2007-ல் கையெழுத்தான லிஸ்பன் உடன்படிக்கை ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரங்களை விரித்தது. உறுப்பு நாடுகள் தத்தம் படைவலிமையைப் படிப்படியாகப் பெருக்கவும் பணித்தது. அன்றிருந்த 27 நாடுகளுள் அயர்லாந்து மட்டுமே பொதுவாக்கெடுப்பு நடத்தியது. எதிர்த்தோருள் இரு சாரார் உண்டு என்பதை நாம் கருத வேண்டும். நாட்டின் இறையாண்மையைப் போற்றியோர் அதிகாரம் டப்ளினில் நிலைக்க விரும்பினர். அராஜகவாதிகளோ பிரஸ்ஸல்ஸ், டப்ளின் இரண்டையுமே ஐயுற்றனர்.

2008 ஜூனில் 53.4 சதவீதத்தினர் உடன்படிக்கையை மறுத்தனர். பின்னர் பொருளாதார நெருக்கடி சூழ்ந்தது; வரி, நடுநிலைமை ஆகியவை பற்றி உறுதிமொழிகள் அளிக்கப்பட்டன. 2009 அக்டோபரில் அதே உடன்படிக்கை மீண்டும் வாக்குக்கு வந்தது, 67.1 சதவீதத்தினர் இசைந்தனர். டிசம்பர் 1-ல் அது நடைமுறைக்கு வந்தது.

மக்கள் மனம் மாறுதல் இயல்பே. ஆனால், மறுத்தால் மறுபடியும் கேட்பவர்கள், இசைந்தால் மறுபடியும் கேட்பதுண்டோ? அராஜகவாதிகளின் தீர்வை ஏற்காதவரும் இவ்வினாவைத் தள்ளிவிட இயலாது என்றே நாம் கருதுகிறோம்.