கோலும் காவலும்

தன்னைத் தான் காத்துக்கொள்ளுதல் உயிர்க்கெல்லாம் இயல்பு. விலங்கிற்குக் கொம்பும் நகமும் பிறப்பொடு வந்தன. மனிதனோ தனக்குரிய காவற் கருவியைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டியவன்; தேர்ந்தபின் அதனைப் பயில வேண்டியவன். தேர்வும் பயிற்சியும் ஆகிய இவ்விரண்டும் தமிழர் வாழ்வில் எங்ஙனம் இயைந்து நின்றன என்பதனைக் கோல், வளரி என்னும் இரு கருவிகளின் வரலாறு கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அரசர் படையும் கோட்டைப் பொறியும் ஈண்டு ஆராய்ச்சிக்கு உரியன அல்ல. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை மதுரை மதிலின் பொறிகளை விரித்துரைக்கின்றது. அவை ஊரைக் காத்தன. தனிவழி செல்வான் ஒருவனைக் காத்தது அவன் கையிலிருந்த கோலேயாகும்.

சொல்லும் பொருளும்

கோல் என்னும் சொல் தமிழிற் பரந்த பொருளுடையது. அரசன் கையில் அது செங்கோல். துறவி கையில் முக்கோல். நிறுப்பான் கையில் துலாக்கோல். உழவன் கையில் தாற்றுக்கோல். வேல், வாள் முதலிய சொற்கள் பகையை நினைவூட்டுவன. கோல் என்பதோ ஊன்றுதல், ஓட்டுதல், அளத்தல், ஆளுதல் ஆகிய பல தொழில்களை நினைவூட்டுகின்றது. காத்தல் அத்தொழில்களுள் ஒன்று. திருவள்ளுவர் 552-ஆம் குறளில் வேலோடு நிற்கும் வழிப்பறிகாரனையும் கோலோடு நிற்கும் அரசனையும் ஒப்பிட்டுக் காட்டினார். குடிகளிடம் பொருள் வேண்டி வருத்தும் அரசன் கையிற் கோல் இருப்பினும் அது வேலின் செயலையே செய்யும் என்பது அவர் கருத்து. கருவியின் தன்மை அதனை ஏந்துவானது நோக்கத்தைப் பொறுத்தது என்னும் உண்மை இதனாற் பெறப்படும்.

கோலாற் பொருதும் கலைக்குச் சிலம்பம் என்பது பெயர். சிலம்புதல் என்பது ஒலித்தல். கோல் காற்றைக் கிழித்துச் சுழலுங்கால் எழும் ஒலியினால் இப்பெயர் வந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். சிலம்பு என்பது மலைக்கும் பெயராதலின், மூங்கில் விளையும் மலையோடு இதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். ஆயின் காப்பியத்தின் பெயரில் அமைந்த சிலம்பு மகளிர் காலில் அணியும் அணிகலன் ஆகும். சொல் ஒன்றாதல் கொண்டு அக்காப்பியப் பெயரைச் சிலம்பக் கலையின் பழமைக்குச் சான்றாகக் காட்டுதல் முறையன்று. ஒரு கலையின் பெருமையை நிலைநாட்ட விரும்புவார் வலிமையற்ற சான்றினைத் துணைக்கொள்வரேல் அக்கலைக்கே இழுக்குச் சேர்ப்பவராவர்.

இலக்கியம் காட்டும் நெறி

அகநானூற்றின் 274-ஆம் பாட்டில் இடைக்காடனார் ஓர் இடையனைக் காட்டுகின்றார். மழையில் நனைந்து, தண்டினை நிலத்தில் ஊன்றித் தனியே நிற்கின்றான் அவன். அவன் வாய்மடித்து எழுப்பும் சீழ்க்கை ஒலிக்கு, ஆட்டுக்குட்டியைக் கவரப் பார்த்திருந்த குறுநரி அஞ்சி ஓடுகின்றது. அவன் தண்டினை ஓங்கவில்லை; நரியை அடிக்கவுமில்லை. விழிப்பும் குரலுமே பகையை விலக்கிவிட்டன. தண்டோ அவனைத் தாங்கி நின்றது. தற்காப்பின் முதற்படி விழிப்பு. இரண்டாவது படி எச்சரிக்கை. கருவி இறுதியிலேயே வேண்டப்படும். இந்நெறியினை ஆசான் எவரும் இதனினும் தெளிவாக உணர்த்தல் அரிது.

கருவி இருந்தாற் போதும் என்று எண்ணுவார்க்கு ஔவையார் விடை கூறியுள்ளார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற அவர், தொண்டைமானின் படைக்கலச் சாலையைக் கண்டு பாடிய பாட்டு புறநானூற்றில் 95-ஆம் எண்ணில் அமைந்துள்ளது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசப்பெற்றுக் காவலுடைய மனையில் இருந்தன. அதியமானுடையனவோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனது சிறுகொட்டிலிற் கிடந்தன. புகழ்வது போலப் பழித்த இப்பாட்டின் உட்பொருள், பயன்படாத கருவி அணிகலனுக்கு ஒப்பாகும் என்பதே. திருவள்ளுவரும் அவையஞ்சாமை என்னும் அதிகாரத்தில், நெஞ்சுரம் இல்லாதார்க்கு வாளால் ஆவது யாது என வினவினார் (குறள் 726). அவையிற் பேச அஞ்சுவானது கல்விக்கு உவமையாக அவர் அதனைக் கூறினாரேனும், உவமை உலகறிந்த செய்தியாதல் வேண்டும் அன்றோ? பயிற்சியும் துணிவும் இல்லாதவன் கையிற் படைக்கலம் பயன்படாது என்பது அந்நாளில் எல்லாரும் அறிந்த செய்தி என்பது இதனாற் புலனாகும்.

கோலைத் தேர்தல்

இனிக் கருவியைத் தேரும் முறையினைக் காண்போம். தொல்காப்பியர் மரபியலில் புறத்தே வயிரம் உடையனவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையனவற்றை மரம் என்றும் பகுத்தார். அப்பகுப்பின்படி மூங்கில் புல்லினம். புல்லினத்தைச் சார்ந்த ஒன்று போர்க்கருவி ஆவது எங்ஙனம் என ஐயுறுவார்க்கு அப்பகுப்பே விடை தருகின்றது. வயிரம் புறத்தே அமைதலின் அடி விழும் இடத்தில் மூங்கில் வன்மையுடையது, உள்ளே மென்மை உடைமையின் கைக்கு எளியது, வளைந்து நிமிர்வது, எளிதில் முறியாதது. மரக்கோல் பளுவால் வலியது. மூங்கிற்கோல் விரைவால் வலியது. தற்காப்பிற்குப் பளுவினும் விரைவே இன்றியமையாதது.

சிலம்ப ஆசான்மார் கல்மூங்கிலை விரும்புவர். கணுக்கள் நெருங்கியதாய், நேரியதாய், புழு அரியாததாய் உள்ள கழியைத் தேர்வர். அதனை நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவதும் உண்டு. கோலின் நீளம் அதனை ஏந்துவானது உடம்பைக் கொண்டே அளக்கப்படும். நிலத்தில் நிறுத்தினால் நெற்றியளவு வருதல் வேண்டும் என்பது பெருவழக்கு. நடுத்தர உயரமுடையானுக்கு அது ஏறக்குறைய ஐந்தரை அடியாகும். எனவே ஒருவனுக்கு அமைந்த கோல் பிறிதொருவனுக்கு முற்றும் அமையாது. தொண்டைமானின் சாலையில் அடுக்கிய வேல்கள் யார் கைக்கும் உரியவை. கோலோ அளவெடுத்துத் தைத்த சட்டைபோல ஒருவனுக்கே உரியது.

பயிற்சி முறை

ஆசான் மாணாக்கனுக்கு முதற்கண் கற்பிப்பது காலடி. நிற்றல், பெயர்தல், திரும்புதல், விலகுதல் ஆகியவை காலில் அமைந்த பின்னரே கோலின் வீச்சு கைகூடும். கோல் சுழற்றக் கற்றவன் தன்னைச் சுற்றி ஒரு வேலி அமைத்துக் கொள்கின்றான். அதனுட் புகுவார் இலர். பின்னர்த் தடுத்தல், தட்டிவிடுதல், வாருதல், குத்துதல் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வரும். போட்டியிற் கோலின் முனையால் எதிரியின் மேனியைத் தொடுதலே வெற்றிக்கு எண்ணப்படும். முனையில் ஒட்டும் பொடியைத் தடவித் தொட்ட இடத்தைக் கணக்கிடுதல் பழைய வழக்கம். எலும்பை முறித்தவன் வென்றவனாகான். முறிக்க வல்லவனாயிருந்தும் தொட்டு நிறுத்தியவனே வென்றவன். அடக்கம் இக்கலையுள் ஓர் அறவுரையாக மட்டும் நில்லாது, வெற்றியை அளக்கும் கோலாகவும் நிற்கின்றது.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தற்காப்பு உரிமையை 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் வகுத்தது. காப்பிற்கு வேண்டிய அளவினும் மிகுந்த தீங்கு செய்தல் அவ்வுரிமையுள் அடங்காது என்றும் அது வரையறுத்தது. அச்சட்டத்திற்கு மாற்றாக 2024 சூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் அதனையே பேணியுள்ளது. சட்டம் எழுத்தில் வைத்த எல்லையைச் சிலம்பக் களம் கைப்பழக்கத்தில் வைத்திருந்தது எனலாம். அச்சமும் சினமும் மேலிட்ட வேளையில் சட்டப்பிரிவு நினைவிற்கு வருதல் அரிது. பழகிய கை தானே நிற்கும்.

வளரியின் மறைவு

கோலுக்கு உடன்பிறப்பென ஒரு கருவி இருந்தது. அது வளரி. பிறை போல வளைந்து, ஒரு தலை பருத்து, ஒரு தலை சிறுத்து, எறிதற்கென அமைந்தது. மரத்தாலும் இரும்பாலும் தந்தத்தாலும் அதனைச் செய்தனர். சென்னை அருங்காட்சியகத் தொகுப்பில் தஞ்சை அரண்மனைப் படைக்கலச் சாலையிலிருந்து வந்த தந்த வளரிகளும், புதுக்கோட்டையைச் சார்ந்த மரவளரியும் இடம்பெற்றமையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளிவந்த தம் நூலிற் குறித்துள்ளார்.

வளரியைப் பற்றிய சிறந்த சான்றினைத் தந்தவர் அதனைக் கற்ற ஓர் அயலார். ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 1830-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில், 1795-இல் தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதற் கற்பித்தவர் சின்ன மருது எனப் பதிவுசெய்துள்ளார். தேர்ந்தவன் கையில் 100 கஜத்திற்குட்பட்ட எத்தொலைவிற்கும் அது குறிதவறாது செல்லும் என்பது அவர் கூற்று. ஆறாண்டுகள் கழித்து, 1801-ஆம் ஆண்டுப் போரில், அவ்வாசானுக்கு எதிராக நின்ற படையில் அம்மாணாக்கர் இருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 24-இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். கற்பித்தவர் மாண்டார், கற்பித்த செய்தி கற்றவர் நூலால் நின்றது.

அதன்பின் 1801 டிசம்பர் 1-இல் ஆளுநர் எட்வர்டு கிளைவ் பிறப்பித்த ஆணை தென்பாளையங்களின் மக்கள் படைக்கலம் ஏந்துதலை விலக்கிற்று. கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஊர்க்காவலும் போர்த்தொழிலும் மேற்கொண்டிருந்தவர் உழவிற்கும் பிற தொழிலுக்கும் திரும்பினர். எறிபடைக்குப் பரந்த வெளி வேண்டும். இடைவிடாப் பயிற்சி வேண்டும். கண்டோர் ஐயுறாத சூழல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே நீங்கின. வளரிக்கு எறிதலும் வேட்டையும் அன்றி அன்றாட வாழ்வில் வேறு பயன் இல்லை. அதனால் அது படிப்படியாகக் கையினின்று நீங்கிப் பேழைக்கும், கோயிலுக்கும், அருங்காட்சியகத்திற்கும் சென்றது. ஔவையார் தொண்டைமானிடம் கண்ட நிலை வளரிக்கும் நேர்ந்தது. தொண்டைமானின் வேல் போர் காணாமையால் அணிகலனாயிற்று. வளரியோ ஏந்திய கை கட்டுண்டமையால் அவ்வாறாயிற்று.

கோலின் நிலைபேறு

கோல் மறையவில்லை. இதற்குரிய காரணத்தைச் சட்டத்தின் சொற்களிலேயே காணலாம். 1878-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் துப்பாக்கி, வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு ஆகியவற்றைப் பெயர் சுட்டிக் கூறியது. கோலை அது பெயர் சுட்டவில்லை. விடுதலைக்குப் பின்னர் இயற்றப்பெற்ற 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இன்னும் ஒருபடி தெளிவாகச் சென்றது. இல்லத்திற்கோ உழவிற்கோ மட்டும் உரிய பொருள்கள் படைக்கலம் ஆகா என உரைத்து, அதற்கு எடுத்துக்காட்டாக லத்தியையும் இயல்பான கைத்தடியையும் கூறியது. மாடு மேய்ப்பானையும் முதியோரையும் வழிப்போக்கரையும் கோலின்றி நடக்கச் செய்தல் எந்த அரசிற்கும் இயலாது. கோல் அன்றாட வாழ்வோடு பின்னியிருந்தமையாலேயே பிழைத்தது.

ஆயினும் இப்பிழைப்பிற்கு ஒரு விலை உண்டு. போர்ச்சிலம்பம் சுருங்கி, அலங்காரச் சிலம்பம் பெருகிற்று. திருவிழாவிலும் ஊர்வலத்திலும் கண்ணுக்கு இனிதாய்ச் சுழற்றும் முறைகள் வளர்ந்தன. எதிரியை நோக்கி நிற்கும் முறைகள் குறைந்தன. தீப்பந்தம் சுழற்றுதல் பார்ப்போரை வியப்பிக்கும். தனிவழியில் அது துணையாகாது. இவ்வாட்டம் இல்லாதிருந்திருப்பின் கலையே அழிந்திருக்கும் என்பதும் உண்மை. ஆதலின் ஆட்டத்தைப் பழித்தல் நன்றியன்று. அதனையே முழுக்கலை எனக் கொள்ளுதலும் அறிவன்று. இன்று பள்ளிகளிற் சிறுமியரும் கோல் ஏந்திக் காலடி பயில்கின்றனர். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இவை மகிழ்ச்சிக்குரியன. போட்டிக்கெனப் பொதுவிதி வகுக்குங்கால் ஊர்தோறும் வேறுபட்ட முறைகள் ஒரே அச்சில் வார்க்கப்படும் என்பதனையும் நாம் மறத்தலாகாது.

முடிவுரை

இங்கே தமிழ்த்துறையினர்க்கு ஒரு கடமை உண்டு. சில ஆண்டுகட்கு முன் முதிய ஆசான் ஒருவரை யான் சிற்றூர் ஒன்றில் கண்டேன். முறைகளின் பெயர்களைக் கூறுமாறு வேண்டினேன். நாகம் பதினாறு, கள்ளன் பத்து, துளுக்காணம், குறவஞ்சி என அவர் அடுக்கிக்கொண்டே சென்றார். குறவஞ்சி என்றதும் என் எழுதுகோல் நின்றது. சிற்றிலக்கிய வகையாக மாணாக்கர்க்குப் பல்லாண்டு யான் கற்பித்த பெயர், அவர் வாயில் ஒரு கோல்முறையாக வந்தது. அதன் பொருளை வினவினேன். அவர் சொல்லால் விடை கூறவில்லை. எழுந்து, கோலை எடுத்து, நான்கு அடி பெயர்ந்து காட்டினார். அவ்விடை என் குறிப்பேட்டில் அடங்கவில்லை.

வளரியின் பயிற்சிச் சொற்களை எவரும் தொகுத்து வைத்திலர். கருவி அருங்காட்சியகத்தில் உளது. அதனை எறிந்த கையின் மொழி இல்லை. கோலுக்கு அந்நிலை வாராமற் காத்தல் நம்மால் இயல்வது. பட்டமேற்படிப்பு மாணாக்கர் தத்தம் ஊர் ஆசான்மாரை அணுகி, முறைகளின் பெயர்களையும் காலடிகளின் பெயர்களையும் கழியைத் தேரும் சொற்களையும், அவற்றிற்குரிய அசைவுகளோடு ஒருங்கே பதிவுசெய்வாராக. ஓலையும் தாளும் ஏட்டைக் காத்தன. இக்கலையைக் காத்தவை ஆசானின் காலும் கையுமே. அவை ஓய்வதற்குள் நாம் சென்று கேட்டல் வேண்டும்.