கிறித்தவ அறிஞரும் சேரியின் கேள்வியும்

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கற்றோர் எதைப் பற்றிச் சிந்தித்தனர், எதைச் சிந்தியாது விட்டனர் என்பதனை வரலாற்றின் துணைகொண்டு சற்றே நோக்குவது பொருத்தமாகும். இந்தியக் கிறித்தவ அறிஞர் மரபை அதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். நம் உறுப்பினருள் பல சமயத்தாரும் உளர். எனினும் இவ்வரலாறு கிறித்தவருக்கு மட்டும் உரியதன்று.

1938 திசம்பர் மாதத்தில் தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் உலக மிஷனெரி மாநாடு ஒன்று கூடிற்று. அதனையொட்டிச் சென்னை அறிஞர் சிலர், இந்தியாவில் கிறித்தவத்தை மறுசிந்தனை செய்வது குறித்து ஆங்கிலத்தில் நூல் ஒன்றை வெளியிட்டனர். நீதிபதியாய் விளங்கிய பி. செஞ்சையா, தொழிற்சங்கத் தலைவரும் பின்னர்ச் சென்னை மேயருமான வி. சக்கரை, அரசியல் பேராசிரியர் எட்டி ஆசீர்வாதம் முதலியோர் அதில் எழுதினர். மேனாட்டுத் திருச்சபையின் மேலாண்மையை எதிர்த்து நிமிர்ந்து நின்ற நூல் அது. அந்தத் துணிவை நாம் போற்றவே வேண்டும்.

ஆனால் அதே ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். சோலாப்பூரில் கிறித்தவர் கூட்டமொன்றில் பேசிய டாக்டர் அம்பேத்கர், இந்தியக் கிறித்தவ சமுதாயம் சமூக அநீதியை எதிர்த்து அரசியல் களத்தில் போராடவில்லை என்று குறை கூறினார். இந்துவாகச் சாக மாட்டேன் என்று அவர் இயோலாவில் அறிவித்து மூன்றாண்டுகள்கூட அப்போது நிறையவில்லை. நாட்டிலிருந்த கிறித்தவருள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவ்வாறிருந்தும் அறிஞரின் கேள்வி, கிறித்து வேதாந்தத்தோடு எவ்வாறு பொருந்துவார் என்பதாகவே பெரிதும் இருந்தது. பறைச்சேரிக் கிறித்தவன் எந்தக் கிணற்றில் நீர் மொள்வான் என்பது கேள்வியாகவில்லை.

1957இல் பெங்களூரில் சமயமும் சமுதாயமும் பற்றி ஆராயும் கிறித்தவ நிறுவனம் தோன்றியது. பி. டி. தேவநந்தனும் அவருக்குப் பின் எம். எம். தாமசும் அதனை நடத்தினர். நாட்டு நிர்மாணம், ஐந்தாண்டுத் திட்டம், மக்களாட்சி ஆகியவற்றைக் கிறித்தவர் சிந்தித்தே ஆக வேண்டும் என்று நிலைநாட்டியவர் தாமஸ். 1975ஆம் ஆண்டு நெருக்கடி நிலையை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். எனினும் 1969இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூல், இராம்மோகன் ராய், விவேகானந்தர், இராதாகிருஷ்ணன், காந்தி ஆகியோர் கிறித்துவை எவ்வாறு கண்டனர் என்பதையே விரித்துரைத்தது. மேல்மாடியில் நிகழ்ந்த உரையாடல் அது. வாசலில் நின்றவர் குரல் அதில் கேட்கவில்லை.

அக்குரல் 1981 ஏப்ரலில் எழுந்தது. மராட்டிய தலித் குடும்பத்திற் பிறந்த இறையியலாளர் அரவிந்த் நிர்மல், பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியில், சூத்திர இறையியலை நோக்கி என்னும் பொருளில் உரையாற்றினார். இந்தியக் கிறித்தவ இறையியல் பிராமணிய மரபையே தன் உரையாடலுக்குத் துணையாகக் கொண்டது என்றும், இலத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த விடுதலை இறையியலோ வர்க்கத்தைக் கண்டு சாதியைக் காணத் தவறியது என்றும் அவர் கண்டித்தார். தலித் ஆன அவர் தலைப்பில் அச்சொல்லை உடனே வைக்கவில்லை. அதனை அவர் பின்னரே ஏற்றார். 1987இல் சென்னைக் குருகுல் இறையியற் கல்லூரியில் தலித் இறையியலுக்கெனத் தனித்துறை அமைந்தபோது, அதன் பொறுப்பு அவரிடமே வந்தது.

மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியற் கல்லூரிப் பேராசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்ற பெயரால் நம்மிற் பலர் அறிந்தவர், இதனினும் ஒருபடி கீழிறங்கி அடுப்பங்கரைக்கே சென்றார். கோயிலில் ஒலித்த மேனாட்டுப் பாமாலையும் கருநாடக இசைக் கீர்த்தனையும் சேரி மக்களின் நாவுக்கு அந்நியம் என்று கண்டு, நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டை அமைத்தார். பாமரர் தம் விருப்பம்போல் மாற்றிப் பாடிக்கொள்ளக் கூடியது நாட்டுப்புறப் பாட்டு ஒன்றே என்பது அவர் கொள்கை. அவர் வலியுறுத்திய மற்றொன்று, ஒரே உலை. எல்லாருடைய அரிசியும் ஒரே உலையில் கொதித்து, எல்லாரும் சேர்ந்துண்பதே மெய்யான திருவிருந்து என்றார். சாதி என்பது யாரோடு யார் உண்ணலாம் என்னும் சட்டம். பொருளாதாரம் என்பது யார் வீட்டில் எவ்வளவு அரிசி என்னும் கணக்கு. இவ்விரண்டையும் ஒரு பானைக்குள் வைத்துக் காட்டிய அறிவை நாம் எளிதாய் எண்ணிவிடலாகாது. 2005இல் அவர் மறைந்தார்.

சதியநாதன் கிளார்க் 1998இல் வெளியிட்ட நூல் பறையையே இறையியலின் பொருளாக்கியது. இழிவின் அடையாளம் என்று நம் வீட்டாரே ஒளித்து வைத்த பறை அது!

பாட்டும் பானையும் பறையும் ஆய்வுக்குரியனவா என்று நம் இளைஞர் வினவலாம். விடையாக ஒரு வழக்கைக் கூறுவோம். சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்து வாழ்ந்தவர் சூசை என்னும் ஆதிதிராவிடக் கிறித்தவர். அத்தொழிலாளருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியபோது, கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. காரணம், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. பட்டியல் சாதியினர் இந்துவாக இருத்தல் வேண்டும் என்றது அது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் மட்டும் அது தளர்த்தப்பட்டது.

சூசை உச்ச நீதிமன்றம் சென்றார். 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. அதனால் வரும் இன்னலும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும். கிறித்தவ சமுதாயத்தின் இன்றைய நிலை பற்றி ஆதாரபூர்வமான, விரிவான ஆய்வு எதுவும் தம் முன் வைக்கப்படவில்லை என்று கூறி, நீதிமன்றம் மனுவைத் தள்ளியது.

மறுசிந்தனை நூல் வெளிவந்து அப்போது நாற்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்லூரிகள் இருந்தன, பேராசிரியர் இருந்தனர், காலாண்டிதழ்கள் இருந்தன. செருப்புத் தைப்பவர் ஒருவர் பெட்டிக்கடை கேட்டுச் சென்றபோது, அவர் கையில் கொடுக்க ஓர் ஆய்வு நூல் இல்லை. தலித் கிறித்தவர், தலித் முஸ்லிம்கள் ஆகியோரின் நிலையைப் புள்ளிவிவரங்களோடு தொகுத்த ஓர் அறிக்கையைத் தேசியச் சிறுபான்மையோர் ஆணையத்திற்காகச் சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டேயும் கீத்திகா பாப்னாவும் எழுதியது 2008இல். சூசைக்குத் தீர்ப்பு வந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து.