எடுத்துக்காட்டில் மட்டும் இடம்பெற்ற சொல்

1854ஆம் ஆண்டு ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் அவையில் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது: சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலுக்காகக் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்பதே அது. அதனைத் தொடர்ந்து எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதனிடம் வந்த புகார்கள் 1,959. வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் சித்திரவதை வழக்கத்தில் இருந்ததை 1855ஆம் ஆண்டின் அறிக்கை உறுதிசெய்தது.

அறிக்கையின் மொழி ஆங்கிலம். அதில் பதிவான கொடுமைகள் சிலவற்றின் பெயரோ தமிழ். விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கருவி கிட்டி. உடலை வளைத்துத் தலையையும் காலையும் கயிற்றால் பிணைத்து வைப்பது அண்ணாந்தாள். வெயிலில் நிறுத்துதல், உணவுக்கும் இயற்கைக் கடனுக்கும் செல்லவிடாமல் தடுத்தல் ஆகியவையும் அப்பட்டியலில் உண்டு. இவற்றுக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை, தழும்பும் எஞ்சுவதில்லை.

ஆணையம் பழியைச் சுதேசி ஊழியர்கள்மீது சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகளை விடுவித்தது. ஆயினும் புகார் அளிக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்ததையும், அதற்கான செலவையும் அறிக்கையே பதிவுசெய்கிறது. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வரி வசூலித்த தாசில்தாரே காவல் அதிகாரத்தையும் வகித்தார். எனவே கொடுமையின் வேர் தனிமனித இயல்பைவிட, வசூல் நெருக்கடியும் தடுத்துவைக்கும் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்த அமைப்பில் இருந்தது எனலாம்.

சீர்திருத்தங்கள் விரைந்து வந்தன. 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் காவல் பணியை வருவாய்ப் பணியிலிருந்து பிரித்தது. காவல் அதிகாரியிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கலாகாது என்னும் விதி 1861இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், பின்னர் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலும் இடம்பெற்றது. எனினும் அச்சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒப்புதலால் ஒரு பொருளோ உண்மையோ கண்டறியப்பட்டால் அதற்குரிய பகுதியை மட்டும் ஏற்க இடமளித்தது. அடித்துப் பெறும் வாக்குமூலம் முற்றிலும் பயனற்றதாகிவிடவில்லை.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு இவ்வரலாற்றின் நேரடிச் சுவடு. ஒப்புதல் பெறச் சித்திரவதை செய்யும் காவல் அதிகாரியும், வரிப் பாக்கிக்காகச் சித்திரவதை செய்யும் வருவாய் அதிகாரியும் அதன் எடுத்துக்காட்டுகளில் வருகின்றனர். ஆனால் பிரிவின் விதி வாசகத்தில் ‘சித்திரவதை’ என்ற சொல்லே இல்லை. அங்குள்ள சொல் ‘காயம்’. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவும் அந்த அமைப்பையே தொடர்கிறது.

இது வெறும் சொல்லாட்சிச் சிக்கல் அன்று. காயம் என்பது உடல் வலி, நோய், உடல் நலிவு ஆகியவற்றைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது. 1984ஆம் ஆண்டின் ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையோ கடும் மனவேதனையையும் சித்திரவதையாகக் கொள்கிறது. இந்தியா அதில் 1997இல் கையெழுத்திட்டது. இதுவரை ஏற்புறுதி அளிக்கவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா, மாநிலங்களவையின் தெரிவுக்குழுவுக்குச் சென்றபின் சட்டமாகாமலேயே காலாவதியானது. 2017இல் சட்ட ஆணையம் தனது 273ஆம் அறிக்கையில் புதியதொரு வரைவை முன்வைத்தது. காவலில் இருப்பவருக்கு ஏற்பட்ட காயத்தைக் காவலர் விளைவித்ததாகவே அனுமானிக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

1855இல் நெடுந்தொலைவு நடந்துவந்து முறையிட்டவர்கள், தங்களுக்கு நேர்ந்ததைக் குறிக்கத் துல்லியமான சொற்களை வைத்திருந்தனர். அச்சொற்களுக்கு ஈடான ஒரு வரையறையைச் சட்டத்தின் விதி வாசகம் இன்னும் பெறவில்லை.