முற்றம் கப்பலேறிய கதை

பணம் படைத்தவர்கள் வீடு கட்டுவதில் சமீப காலமாக ஒரு மோஸ்தர் பரவியிருக்கிறது. தீவு வீடு என்று அதற்குப் பெயர் வைக்கலாம். பாலித் தீவிலும் இலங்கையின் தென்கரையிலும் இப்படிப்பட்ட வீடுகளில் ஓர் இரவு தங்குவதற்குக் கேட்கும் பணத்தில், நம் ஊரில் ஒரு குடும்பம் மாதக் கணக்கில் சாப்பிடலாம். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? தாழ்ந்து இறங்கிய ஓட்டுக் கூரை. வீட்டின் நடுவே வானம் தெரியும் முற்றம். அதைச் சுற்றி மரத் தூண்கள். சுண்ணாம்புச் சுவர், வழவழவென்று தேய்த்த சிவப்புத் தரை, ஓரமாக ஒரு குளம். மழை பெய்தால் நனையாமல் உட்கார்ந்து மழையைப் பார்க்கலாம். வர்ணப் படங்களோடு பத்திரிகைகள் இதைப் பிரசுரிக்கின்றன. சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையிலும் இதே ஜாதி பங்களாக்கள் எழும்பியிருக்கின்றன.

இந்தப் படங்களில் ஒன்றை உத்திரமேரூரில் வயதான ஒரு பாட்டியிடம் காட்டினால், "இதென்ன, எங்கள் மாமியார் அகம் மாதிரியல்லவா இருக்கிறது? இதற்கா இவ்வளவு பணம்?" என்று கேட்டுவிடுவாள். பாட்டியின் கேள்வியில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று பார்க்கலாம் என்றே இதை எழுத உட்கார்ந்தேன்.

உத்திரமேரூர் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துப் பிரயாணம். பல்லவர் காலத்திலேயே பெயர் பெற்றுவிட்ட சதுர்வேதிமங்கலம் அது. சுந்தரவரதர் கோயிலின் மூன்று அடுக்கு விமானத்தைப் பார்ப்பதற்கென்றே போகலாம். ஆனால் சரித்திர ஆசிரியர்கள் ஓடுவது வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரைப் பார்க்க. குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. முதல் பராந்தக சோழனின் 12-வது ஆட்சியாண்டிலும் 14-வது ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. முப்பது குடும்பு, ஓலைச் சீட்டு, குடம், அதில் கைவிட்டு எடுக்கும் சிறு பையன்: பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூட இதெல்லாம் மனப்பாடம்.

கதை எழுதுகிறவனுக்கோ ஒரு மனிதனைப் பற்றி முதலில் தெரியவேண்டியது அவன் வீடு. ஆகவே அந்தச் சுவரில் என் மனம் நின்ற இடம் வேறு. குடத்தில் யார் பெயரைப் போடலாம் என்று சபை வகுத்த தகுதிகளில் ஒன்று வீட்டைப் பற்றியது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். வேதமும் பாஷ்யமும் கற்றவனானால் அரைக்கால் போதும். அதோடு தன் சொந்த மனையில் 'அகம்' எடுத்துக்கொண்டு குடியிருக்கவேண்டும். வயது 921-ம் ஆண்டுத் தீர்மானப்படி முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதுக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும்.

அகம் என்றால் உள்ளம். அகம் என்றால் வீடு. பிராமணர் வீடுகளில் இன்றைக்கும் "ஆத்துக்கு வா" என்கிறார்களே, அது இந்த அகம்தான். ஆயிரத்து நூறு வருஷம் ஒரு சொல் வாயில் தேய்ந்து தேய்ந்து நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த அகத்தில் எது ஆடம்பரம்? முற்றம் ஆடம்பரமல்ல, அது எல்லா வீட்டுக்கும் உரிய மூக்கு மாதிரி. அந்தக் காலத்து ஆடம்பரம் சுட்ட செங்கல். சோழர் காலத்துத் தானச் செப்பேடுகளைப் பார்த்தால், தானம் பெற்ற ஊருக்கு அரசன் கொடுக்கும் உரிமைகளின் ஜாபிதா ஒன்று வரும். கிணறு தோண்டலாம், தென்னை வைக்கலாம், மணமுள்ள செடிகள் நடலாம் என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்த ஜாபிதாவில், சுட்ட செங்கல்லால் மாட மாளிகை எடுக்கலாம் என்பதும் ஓர் அனுமதி. அனுமதி கொடுத்தால்தான் கட்டலாம் என்றால், மற்றவர்கள் மண் சுவரோடும் கூரையோடும் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? செங்கல்லும் மாடியும் அன்று பெரிய மனிதனின் அடையாளம்.

மண் சுவர் வீட்டையும் ஓட்டு வீட்டையும் ஏழ்மையின் சின்னம் என்று தள்ளிவிடக்கூடாது. சித்திரை வெயிலில் தொண்டை நாட்டில் ஒரு பகல் இருந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கனத்த சுவர் பகல் வெப்பத்தை உடனே உள்ளே விடாது. இறங்கிய தாழ்வாரம் சுவர்மேல் வெயில் படாமல் காக்கும். நாட்டு ஓட்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது நடுவில் தங்கும் காற்று, சூட்டைத் தடுக்கும். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலே போக, நடையிலிருந்தும் கொல்லையிலிருந்தும் புதுக் காற்று உள்ளே வரும். ஐப்பசியில் மழை கொட்டினால் நாலு புறத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து ஓடிவிடும். இதைக் கண்டுபிடித்தவர் இன்னார் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. கொத்தனும் தச்சனும் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்தது.

பிறகு காலம் மாறிற்று. சிமெண்டு வந்தது, மின்விசிறி வந்தது. 'மெத்தை வீடு' கட்டினவனுக்குத்தான் பெண் கொடுப்போம் என்றார்கள். முற்றத்தின்மேல் முதலில் கம்பி போட்டார்கள், பிறகு தகடு போட்டார்கள், கடைசியில் காங்கிரீட்டுப் போட்டு மூடியே விட்டார்கள். ஓட்டைப் பிரித்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வருஷா வருஷம் ஓடு மாற்ற ஆள் பிடிப்பதும், மழை நாளில் ஒழுகும் இடமெல்லாம் பாத்திரம் வைப்பதும், கரையானோடு போராடுவதும் எழுதுவதற்கு அழகாக இருக்கும். அனுபவிப்பதற்கு அப்படி இராது.

அதே சமயத்தில் கடலுக்கு அப்பால் ஒரு விசித்திரம் நடந்தது. உத்திரமேரூரின் முதல் கல்வெட்டுக்குச் சரியாக ஆயிரம் வருஷம் கழித்து, 1919-ல், இலங்கையில் ஜெஃப்ரி பாவா பிறந்தார். முதலில் வக்கீல். 1948-ல் பெந்தோட்டைக்கு அருகே பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றை வாங்கி, அதற்கு லுணுகங்கை என்று பெயரிட்டார். அந்தத் தோட்டத்தை அழகுபடுத்தும் ஆசையே அவரைக் கட்டிடக்கலை படிக்க லண்டனுக்கு விரட்டியது. முப்பத்தெட்டாம் வயதில் கட்டிடக்கலைஞராகத் தேறித் திரும்பினார். அவருக்கு முன்பே மினெட் டி சில்வா என்ற பெண்மணி, கண்டியில் புதுமையையும் நாட்டு மரபையும் சேர்த்து வீடுகள் கட்டத் தொடங்கியிருந்தார். அந்த அம்மாளின் பெயரை இந்த மோஸ்தரைப் புகழ்பவர்கள் பல பேர் மறந்துவிடுகிறார்கள்.

1960-களின் தொடக்கத்தில் கொழும்பில் பாவா, ஈனா டி சில்வாவுக்காக ஒரு வீடு கட்டினார். அப்போது இலங்கையில் அந்நியச் செலாவணி நெருக்கடி. கண்ணாடியும் இரும்பும் வெளிநாட்டிலிருந்து வருவது அரிதாயிற்று. ஓடு, மரம், கல், சுண்ணாம்பு என்று கைக்கு எட்டினதைக் கொண்டு, நடுவிலே பெரிய முற்றம் வைத்து, வீட்டை உட்பக்கம் பார்த்தபடி கட்டினார். தட்டுப்பாட்டில் பிறந்த வீடுதான் பின்னால் தனவந்தர்களின் மோஸ்தராயிற்று! அந்த வீட்டையே நம் காலத்தில் கல் கல்லாகப் பிரித்து எடுத்துப்போய் லுணுகங்கையில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். பாவாவின் கற்பனை 1970-களில் பாலித் தீவுக்கும் போயிற்று; சானூர் கடற்கரையில் டொனால்ட் ஃபிரெண்ட் என்ற ஆஸ்திரேலிய ஓவியருக்காக அவர் வீடுகள் வகுத்தார். அதே காலத்தில் நம் மதுரையிலும் ஒரு கிளப் கட்டினார்.

கொழும்பில் அவர் வாழ்ந்த சொந்த வீட்டில் செட்டிநாட்டிலிருந்து போன தூண்கள் நிற்கின்றன. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, துக்கமும் வருகிறது. நகரத்தார் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போய், பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் கப்பலில் கொண்டுவந்து கட்டின வீடுகள் அவை. 1942-ல் யுத்தம் பர்மாவை மூடியது. வரவு நின்றது, பங்காளிகள் பெருகினார்கள், பல வீடுகள் பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடிக் கடைகளுக்கு வந்தன. கப்பலில் வந்த மரம் மறுபடி கப்பலேறிற்று.

ஆக, பாட்டி சொன்னது சரிதான். அது அவள் மாமியார் அகமேதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தீவு வீடுகளின் படங்களில் முற்றம் இருக்கிறது, தூண் இருக்கிறது, தாழ்வாரம் இருக்கிறது. திண்ணை மட்டும் இல்லை. தெருவைப் பார்த்து, கதவுக்கு வெளியே, யாரோ ஒரு வழிப்போக்கன் தலைசாய்க்கட்டும் என்று கட்டின அந்த இடம் இல்லை. அங்கே உயர்ந்த மதிலும் காவற்காரனும் இருக்கிறார்கள். நம் திண்ணை எல்லோருக்கும் இடம் தந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஜாதி பார்த்துத்தான் அது இடம் தந்தது. அதே மாதிரி உத்திரமேரூர்ச் சபையும் பிராமணர் சபை; நிலமும் மனையும் இல்லாதவனுக்கும் பெண்ணுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. அந்தக் குறையைச் சொல்லாமல் அந்தச் சுவரைப் புகழ்வது நியாயமாகாது.

ஆனால் அந்தச் சுவர் இன்னொன்றும் சொல்கிறது. அகம் எடுத்தவன் எதற்காகக் குடத்தில் தன் பெயரைப் போடவேண்டும்? ஏரி வாரியத்திலும் தோட்ட வாரியத்திலும் பொன் வாரியத்திலும் உட்கார்ந்து ஊர் வேலை செய்ய. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை. அவன் நெருங்கிய உறவினருக்கும் இல்லை. சொந்த வீடு அங்கே ஒரு சௌகரியமாக மட்டும் கருதப்படவில்லை. பொறுப்புக்குப் பிணையாகக் கருதப்பட்டது. உனக்கு வீடு இருக்கிறதா? அப்படியானால் ஏரிக்கு நீ பதில் சொல்லவேண்டும்.

பாலியிலும் இதற்கு ஒரு சகோதரன் உண்டு. சுபக் என்று பெயர். ஒரே வாய்க்கால் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் விவசாயிகள் கூடி, முறை வைத்து, கோயிலை நடுவாகக் கொண்டு பல நூற்றாண்டுகளாக நடத்திவரும் பாசன சபை. 2012-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இன்று அந்தச் சுபக்கின் வயல்களில்தான் தீவு வீடுகள் முளைக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் நீல நிறத்தில் ஒரு நீச்சல் குளம். வாய்க்காலுக்குச் சேரவேண்டிய தண்ணீரும், மண்ணுக்கடியில் இருக்கிற தண்ணீரும் அதற்குப் போகின்றன. வயலின் அழகைப் பார்ப்பதற்காக வருகிறவர்களுக்கு வீடு கட்ட, வயலே போகிறது.

நம் பக்கத்திலும் ஏரிக்கரை ஓரமாக மனை விற்கும் விளம்பரங்களைப் பார்க்கிறேன். ஓட்டுக் கூரை, முற்றம், பாரம்பரிய அழகு என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். வாங்குகிறவர்கள் வாங்கட்டும், நல்ல வீடு நல்ல வீடுதான். முற்றம் திரும்பி வருவதில் எனக்குச் சந்தோஷமே. மனைப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் உத்திரமேரூர் வரை ஒரு நடை போய்விட்டு வரலாம். அந்தச் சுவரில், வீடு கட்டினவனின் வேலை வீட்டு வாசலோடு முடிந்துவிடுவதில்லை என்று ஆயிரத்து நூறு வருஷமாக எழுதியிருக்கிறது.