விசாவுக்கான ஆங்கிலத் தகுதி: கேட்பவர் யார், கேட்பது என்ன?

பாலக்கோட்டை அடுத்த ஒரு காலனியைச் சேர்ந்த கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவருக்காகக் காசோலை வழக்கொன்றில் ஆஜராக நேர்ந்தது. செவிலியர் பட்டம் பெற்ற மகளின் ஐஇஎல்டிஎஸ் பயிற்சிக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். ஈடாகக் கொடுத்தது, கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுக் காசோலை. கட்டைப் புரட்டியபோது மகளின் இரண்டு மதிப்பெண் தாள்களும் அதில் இருந்தன. முதல் முறை கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6. ஏழு மாதம் கழித்து எழுதிய இரண்டாம் முறை கேட்டலில் 7.5, வாசித்தலில் 7, பேசுதலில் 6.5, எழுதுதலில் 6.5. இரண்டு முறையும் தோல்வி என்று சொல்லி, மூன்றாம் சுற்றுப் பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்லியிருந்தார் முகவர்.

உண்மையில் அந்தப் பெண் தேறியிருந்தார். என்எம்சி எனப்படும் பிரிட்டனின் செவிலியர் மன்றம் வாசித்தல், கேட்டல், பேசுதல் ஆகியவற்றில் 7, எழுதுதலில் 6.5 கேட்கிறது. ஆனால் 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, பன்னிரண்டு மாதங்களுக்குள் எழுதிய இரு தேர்வுகளின் மதிப்பெண்களை இணைத்துக் காட்டலாம். எழுதுதலில் 6க்கும் மற்ற மூன்றில் 6.5க்கும் எந்த முறையும் குறையாதிருந்தால் போதும். இந்த விதி மன்றத்தின் இணையதளத்தில் எவரும் படிக்கும்படி இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல அந்தக் குடும்பத்துக்கு ஓர் ஆள் இல்லை. முகவருக்கோ சொல்வதில் இலாபம் இல்லை.

நம் மாணவர்கள் இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஆங்கிலம் தெரியாததால் இழப்பவர்களைவிட, எந்த ஆங்கிலத்தை, எந்த ஆவணத்தால், யாரிடம் நிரூபிக்க வேண்டும் என்பது தெரியாததால் இழப்பவர்களையே என் அலுவலகத்தில் அதிகம் பார்க்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ஆங்கிலத் தகுதியைக் கேட்பவர் ஒருவரல்லர். விசா வழங்கும் அரசு கேட்கிறது. சேர்க்கை தரும் பல்கலைக்கழகம் தனியே கேட்கிறது. செவிலியர், மருத்துவர் போன்றோருக்கு அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் மன்றம் கேட்கிறது. இவற்றின் அளவுகள் ஒன்றல்ல. ஓரிடத்தில் காட்டிய சான்று இன்னோரிடத்துக்கும் போதுமானதாக இருக்கலாம். அங்கே செல்லாமலும் போகலாம். மாணவர் விசாவுக்கென்று அமெரிக்கா எந்த மொழித் தேர்வையும் விதிக்கவில்லை. மதிப்பெண் கேட்பது பல்கலைக்கழகம். கனடாவில் படிக்கும் அனுமதிக்கு முன் கல்வி நிறுவனமே பெரும்பாலும் கேட்கிறது. ஆனால் 2024 நவம்பர் 1க்குப் பின், படித்து முடித்து வேலை அனுமதி கோரும்போது அரசும் மொழித் தேர்வு கேட்கிறது. ஆஸ்திரேலியா 2024 மார்ச் 23 முதல் மாணவர் விசாவுக்கான ஐஇஎல்டிஎஸ் அளவை 5.5இலிருந்து 6ஆக உயர்த்தியது. வளைகுடா நாடுகளுக்குக் கூலி வேலைக்குப் போகிறவரிடம் எவரும் ஆங்கிலம் கேட்பதில்லை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

பிரிட்டனைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவுக்கு ஐரோப்பிய மொழி அளவுகோலின் பி2 நிலை தேவை. அதற்குக் கீழான படிப்புகளுக்கு பி1 போதும். திறன்மிகு பணியாளர் விசாவுக்கு பி1 ஆக இருந்தது, 2026 ஜனவரி 8 முதல் பி2 ஆயிற்று. இவற்றுக்கு அரசு அங்கீகரித்த 'பாதுகாப்பான தேர்வு' எழுதவேண்டும் என்பது பொதுவிதி. ஐஇஎல்டிஎஸ் என்றாலும் 'யுகேவிஐ' எனக் குறிக்கப்பட்ட வகையை, அதற்கென ஒப்புதல் பெற்ற மையத்தில் எழுதவேண்டும். சாதாரண வகையை எழுதிவிட்டு வந்து நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. வினாத்தாள் ஒரே தரத்தில்தான் இருக்கும். செல்லுபடியாவது மட்டும் வேறு.

இந்தப் பொதுவிதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. விதிகளை ஒழுங்காகப் பின்பற்றிய வரலாறு கொண்ட உயர்கல்வி நிறுவனங்கள், பட்டப்படிப்பு மாணவரின் ஆங்கிலத்தைத் தாங்களே மதிப்பிட்டுச் சான்றளிக்கலாம். அரசு அதை ஏற்கும். அதனால்தான் பல பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தின் மதிப்பெண்ணையே ஏற்கின்றன. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவரிடம் சிபிஎஸ்இ மாணவரைவிடக் கூடுதல் மதிப்பெண் கேட்கும் நிறுவனங்களும் உண்டு. அந்தப் பாகுபாடு தனியே விவாதிக்கத் தக்கது. ஆனாலும் தமிழ்வழியில் படித்த அரசுப் பள்ளி மாணவரும் ஆங்கிலத்தை ஒரு பாடமாக எழுதியிருக்கிறார். அந்தத் தாள் அவரிடம் இருக்கிறது. தேர்வுக்குப் பணம் கட்டுமுன், விண்ணப்பிக்கும் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இந்த மதிப்பெண்ணை ஏற்பீர்களா என்று கேட்பதற்குச் செலவே இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்: பல்கலைக்கழகம் விலக்களித்தாலும், விசா அதிகாரி நேர்காணலில் பேசவைத்துப் பார்க்கக்கூடும். பேச்சுப் பயிற்சியை விட்டுவிட முடியாது.

இன்னொரு தாள், ஆங்கிலவழியில் படித்ததற்கான சான்றிதழ். இங்கே நம் மாணவர்களுக்கு ஒரு விசித்திரமான நிலை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், தமிழ்வழிச் சான்றிதழுக்காகப் பள்ளி பள்ளியாக அலைகிறார்கள். அதே மாணவர் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தால் கல்லூரியிடம் ஆங்கிலவழிச் சான்றிதழ் கேட்டு நிற்கவேண்டும். இரண்டும் ஒரே வாழ்க்கையில் பொய்யில்லாமல் சாத்தியமே: பள்ளி தமிழ்வழி, பட்டம் ஆங்கிலவழி. ஆசிரியர் தமிழில் விளக்கியிருந்தாலும் பாடத்திட்டமும் தேர்வும் ஆங்கிலத்தில் இருந்தால் அது ஆங்கிலவழிப் படிப்புதான். ஆனால் பிரிட்டன் வேலை விசாவுக்கு இந்தக் கடிதம் மட்டும் போதாது. அந்தப் பட்டம் பிரிட்டன் பட்டத்துக்கு இணையானது, ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது என 'எக்டிஸ்' என்னும் அமைப்பு மதிப்பிட்டுத் தரவேண்டும். செவிலியருக்கு இந்தச் சுமை இல்லை. தம் மன்றம் ஏற்ற மொழித் தேர்வில் தேறியிருந்தால் விசாவுக்குத் தனியே நிரூபிக்கத் தேவையில்லை.

செலவைப் பற்றி எவரும் பேசுவதில்லை, நாம் பேசவேண்டும். ஐஇஎல்டிஎஸ் ஒருமுறை எழுத இன்று 17,000 ரூபாய்க்கு மேலாகிறது. 2025–26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறுநாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். ஒரு தேர்வு என்பது ஏறத்தாழ ஐம்பது நாள் கூலி. மதிப்பெண் இரண்டே ஆண்டுகள்தான் செல்லும். கடவுச்சீட்டு இல்லாமல் தேர்வெழுத முடியாது. அதில் தந்தை பெயரின் முதலெழுத்து ஒருவிதமாகவும் மாற்றுச் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருந்தால் அதைச் சரிசெய்ய ஒரு தனி அலைச்சல். வீட்டிலிருந்தே எழுதக்கூடிய டூயோலிங்கோ மலிவானது, பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. ஆனால் பிரிட்டன் அரசின் அங்கீகரிக்கப்பட்ட தேர்வுப் பட்டியலில் அது இல்லை. தவிர, அதற்கு மடிக்கணினி, தடைபடாத இணையம், தேர்வு முடியும்வரை வேறொருவர் நுழையாத தனி அறை ஆகியவை வேண்டும். தொகுப்பு வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது தருமபுரி 68.5 விழுக்காட்டுடன் மாவட்டங்களில் கடைசியில் இருந்தது. அந்த மாவட்டத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இந்த 'எளிய' தேர்வு அவ்வளவு எளிதல்ல.

உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கு ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் ஆண்டுக்கு 125 இடங்களுடன் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை வழங்குகிறது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். ஒன்றியத் திட்டம் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதத்தை எதிர்பார்க்கிறது. சேர்க்கைக் கடிதத்தில் மிகச் சாதாரணமான நிபந்தனை எது? ஆங்கில மதிப்பெண்தான். அதாவது, உதவித்தொகை வருமுன்பே, அது எவருக்காக ஏற்பட்டதோ அவரே கைப்பணத்தில் தேர்வெழுதித் தேறியிருக்கவேண்டும். ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்தை முன்கூட்டியே அரசு ஏற்கவேண்டும் என்ற கோரிக்கையை நம் அமைப்புகள் இன்னும் வலுவாக எழுப்பவில்லை.

மொழியைக் கொண்டு எல்லையை அடைப்பது பழைய சட்ட உத்தி. 1897இல் நேட்டால் குடியேற்றத் தடைச் சட்டம், ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் நுழையக்கூடாது என்றது. 'இந்தியர்' என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் யாரை நோக்கி எழுதப்பட்டது என்பது அனைவருக்கும் தெரியும். கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோருக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. சென்னை மாகாணத்துச் சேரிகளிலிருந்தும் கப்பலேறிய அவர்களிடம் யாரும் மொழி கேட்கவில்லை. தன் விருப்பத்தில் வருபவரிடம் மட்டுமே கேட்டார்கள். ஆஸ்திரேலியா 1901இல் இதை இன்னும் கூர்மையாக்கியது: அதிகாரி தேர்ந்தெடுக்கும் ஏதோவோர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை எழுதவேண்டும். 1934இல் செக்கோஸ்லோவாக்கிய எழுத்தாளர் எகோன் கிஷ் பல மொழிகள் அறிந்தவர் என்பதால், அவருக்கு ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். அந்தத் தேர்வு 1958இல்தான் ஒழிந்தது. நேட்டால் சட்டம் வந்து சில ஆண்டுகளில் தென்னாப்பிரிக்கா சென்ற இரட்டைமலை சீனிவாசன் அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

இன்றைய தேர்வுகளை அவற்றோடு ஒன்றாக வைப்பது நேர்மையாகாது. இன்றைய மதிப்பெண் உழைத்துப் பெறக்கூடியது, விதி முன்னரே வெளியிடப்படுகிறது. ஆனால் பெரும்பான்மை ஆங்கிலம் பேசும் நாடுகள் என்று பிரிட்டன் விலக்களிக்கும் பட்டியலில் மால்டா இருக்கிறது, இந்தியா இல்லை. கூலியாகப் போகிறவரிடம் மொழி கேட்காமல், படிக்கவும் குடும்பத்தோடு வாழவும் போகிறவரிடம் கேட்கும் பழக்கமும் மாறவில்லை.

குடும்பம் என்றதும் வாழ்க்கைத் துணை விசா. 2010 நவம்பர் முதல் பிரிட்டன், துணையாக வருபவரிடம் நுழையும்போதே ஏ1 நிலை ஆங்கிலம் கேட்கிறது. இது பேசுதலும் கேட்டலும் மட்டுமே. எழுதவோ வாசிக்கவோ தேவையில்லை. இதைச் சொல்லாமல் நான்கு திறன்களுக்கும் பயிற்சிக் கட்டணம் வாங்கியவர்களை அறிவேன். இந்த விதியை எதிர்த்த அலி, பீபி வழக்கில் 2015 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் விதியைச் செல்லாததாக்க மறுத்தது. ஆனால் நியாயமற்ற செலவில்லாமல் தேர்வுக்கு ஆயத்தமாக இயலாதவர்களிடமும் அதை வற்புறுத்தும் வழிகாட்டல், பலருடைய குடும்ப வாழ்வுரிமையை மீறக்கூடும் என்று குறிப்பிட்டது. கிராமத்திலிருந்து தேர்வு மையத்துக்கான தூரம், செலவு, பயிற்சி வசதி ஆகியவை உரிமை சார்ந்த கேள்விகளே என்பதற்கு அது சட்டச் சான்று. விதிவிலக்கு கோருவோர் இவற்றை ஆவணங்களோடு வைக்கவேண்டும். வெறுமனே சொன்னால் ஏற்கமாட்டார்கள்.

போலிச் சான்றிதழ் பற்றி ஓர் எச்சரிக்கை. 'தேர்வே எழுதாமல் மதிப்பெண் வாங்கித் தருகிறோம்' என்று கைபேசிக்கு வரும் செய்திகளை மாணவர்கள் என்னிடம் காட்டுகிறார்கள். பிடிபட்டால் பிரிட்டன் பத்து ஆண்டும், கனடா ஐந்து ஆண்டும், ஆஸ்திரேலியா மூன்று ஆண்டும் கதவடைக்கும். குற்றமற்றவர்களும் சிக்குவார்கள் என்பதற்கு டோயிக் விவகாரம் சாட்சி. 2014இல் பிபிசி ஒரு மோசடியை அம்பலப்படுத்தியதும், 2011 முதல் 2014 வரை பிரிட்டனில் நடந்த 58,458 தேர்வுகளில் 97 விழுக்காட்டைத் தேர்வு நிறுவனமே சந்தேகத்துக்குரியவை என்றது. தங்கள்மேல் தவறில்லை என்று நிரூபிக்க இந்திய மாணவர்கள் உட்படப் பலர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்ற வாசலில் நின்றார்கள்.

முகவர்களைப் பொறுத்தவரை சட்டம் அரைகுறையாகத்தான் துணைநிற்கிறது. வேலைக்கு ஆளெடுப்பவர் 1983ஆம் ஆண்டுக் குடிப்பெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்கவேண்டும். வேலை தேடுபவரிடம் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்பது உச்சவரம்பு. கல்விக்கு அனுப்பும் ஆலோசகர்கள் அந்தச் சட்டத்தின் பிடிக்குள் வருவதில்லை. அவர்கள்மீது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி மாவட்ட ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை ஐந்து இலட்சத்துக்குள் என்றால் முறையீட்டுக் கட்டணம் இல்லை. அதற்கு ரசீது வேண்டும். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், கொடுத்துவிட்டிருந்தால் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள்.

முகவரிடம் போகுமுன் போக இரண்டு இடங்கள் உண்டு. தாட்கோ, ஆதிதிராவிடர், பழங்குடியினர் இளைஞர்களுக்கு ஐஇஎல்டிஎஸ் உள்ளிட்ட தேர்வுகளுக்குக் கட்டணமில்லாப் பயிற்சியை அறிவித்து நடத்துகிறது. செவிலியருக்கான ஜெர்மன் மொழிப் பயிற்சியும் அதில் உண்டு. மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. செவிலியரை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்புகிறது. இந்த அறிவிப்புகள் மாவட்ட ஆட்சியரின் செய்திக்குறிப்பாக வந்து நாளிதழின் மூலையில் ஒருநாள் இருந்துவிட்டு மறைந்துவிடும். கல்லூரி மாணவர் அமைப்புகள் அவற்றை வெட்டி ஒட்டி காலனி நூலகத்தில் வைத்தாலே பாதி வேலை முடியும்.

அந்தச் செவிலியர் இரு தாள்களையும் இணைத்து மன்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். முதல் தாளுக்கு இன்னும் ஒன்பது மாதம் ஆயுள் இருக்கிறது. தந்தையின் காசோலை வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது.