விளக்கு வைத்த பிறகு வடசென்னை

போன முறை நம் பழைய மாணவர்கள் கூடியபோது வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் கேட்டார்: "ஏம்ப்பா, ரோம்ல, எடின்பரோவுல எல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் ஊர் சரித்திரம் சொல்றாங்க. ஜனங்க காசு கொடுத்து நடக்கிறாங்க. நம்ம பக்கம் பொழுது சாஞ்சா பார்க்க என்ன இருக்கு? கன்டெய்னர் லாரியும் கொசுவும்தானே?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். வீட்டுக்குப் போன பிறகு அந்தச் சிரிப்பு உறுத்தியது. படிக்கிற காலத்தில் இந்தத் தெருக்களில் சுற்றிய நமக்கே பதில் தெரியவில்லையே! அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

ராயபுரம் ரயில் நிலையத்தில் தொடங்குவோம். 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. பம்பாயிலும் ஹௌராவிலும் முதன்முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை, இது நிற்கிறது. 1873-ல் சென்ட்ரல் வந்த பிறகு இதன் மவுசு மெல்லக் குறைந்தது. 2005-ல் புதுப்பித்தார்கள். பகலில் லாரிப் புழுதியில் கண்ணில் படாத அந்தத் தூண்களை ராத்திரி விளக்கில் ஒரு தடவை பாருங்கள்.

ராயபுரம் என்ற பெயரே ராயப்பர், அதாவது புனித பேதுருவின் பெயரால் வந்தது. துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில் கரை சேர்த்த படகோட்டிகள், 1829-ல் தங்கள் உழைப்பில் கட்டிய கோயில்தான் இங்குள்ள ராயப்பர் ஆலயம். சற்றுத் தள்ளி, 1910-ல் எழுந்த பார்சிகளின் அக்கினி ஆலயம். பிரோஜ் கிளப்வாலா என்பவர் தம் மகன் ஜால் நினைவாகக் கட்டியது. உள்ளே பார்சிகளுக்கு மட்டுமே அனுமதி. ஆனால் அந்தச் சுவருக்குள் ஒரு நெருப்பு இரவும் பகலும் அணையாமல் காக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டு அந்தத் தெருவில் நடப்பதே ஒரு தனி அனுபவம்.

இனி கடலைப் பார்த்து நில்லுங்கள். 1914 செப்டம்பர் 22, இரவு சுமார் ஒன்பதரை மணி. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. போர் நம் கரைக்கு வரும் என்று யாரும் நினைக்கவில்லை. பட்டணத்து விளக்குகள் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தைக் குறி வைத்து ஜெர்மனியின் 'எம்டன்' கப்பல் வந்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பினார்கள். கப்பல் அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவருகே அழிந்தது. ஆனால் "அவன் பெரிய எம்டன்பா" என்ற பேச்சு நம் வாயில் நின்றுவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அந்தத் தவறைச் செய்யவில்லை. பட்டணமே இருட்டடிப்பில் கிடந்தது.

அங்கிருந்து வடக்கே, திருவொற்றியூர். இப்போது மெட்ரோவில் சில நிமிஷம். ஏழுகிணறு வீதியில் குடியிருந்த வள்ளலார் ராமலிங்க அடிகள் இந்தத் தூரத்தை நடந்தே போய் வந்தவர். இரவு வெகு நேரம் கழித்துத் திரும்பி, கதவைத் தட்ட மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்தபோது வடிவுடையம்மனே அண்ணி உருவில் வந்து சோறு போட்டாள் என்பது இந்தப் பக்கத்துப் பாட்டிகள் சொல்லும் கதை.

திருவொற்றியூர்க் கோயில் விளக்குக்குப் பேர் போனது. பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்குக் கொடுத்த தருமங்கள் இருக்கின்றன. ஏற்பாடு எளிமையானது: ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். மேய்ப்பவர் அவற்றை வைத்துக்கொண்டு தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்ததற்குக் குட்டி ஈடாகிவிடும் என்பதால் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். கணக்கு தெரிந்த மனிதர்கள்!

அதே ஊரில்தான் கலிய நாயனார் வாழ்ந்தார். செக்காட்டும் குலம். கோயில் முழுக்க விளக்கேற்றியே சொத்தைக் கரைத்தார். பிறகு கூலிக்குச் செக்கு ஓட்டினார். அதுவும் நின்று, ஒரு நாள் எண்ணெய்க்கு வழியே இல்லாமல் போனபோது தன் கழுத்தை அறுத்து ரத்தத்தை விளக்கில் ஊற்றத் துணிந்தார். இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தார் என்கிறது பெரிய புராணம்.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு எண்ணூருக்கு வாருங்கள். ஒரு காலத்தில் 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் இங்கே ஓடியது. 1970-ல் தொடங்கி 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதற்கு வடக்கே, 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம். ராத்திரியில் விளக்கு வரிசையும் புகைபோக்கிகளும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தி.நகரிலும் அடையாறிலும் எரிகிற விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது யார்? சாம்பல் கலந்த கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் வலை வீசுகிற மீனவர்கள்தான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும்போது பெரியகுப்பம் அருகே ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். இதுவும் இந்த ஊரின் ராத்திரிச் சரித்திரம்தான். நாயனாரின் கையைப் பிடிக்க இறைவன் வந்தார். இவர்களுக்காக யார் வருவது?

திரும்பும் வழியில் காசிமேடு. ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் மீன்பிடித் துறைமுகம் விழித்துவிடும். படகிலிருந்து கூடை இறங்க இறங்க ஏலம். நாம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் குழம்பு வைக்கிற வஞ்சிரத்துக்காக ஒரு பெண்மணி நடுராத்திரியில் எழுந்து வந்து விலை பேசிக்கொண்டிருப்பார்.

இப்போது நண்பருக்குப் பதில் சொல்லலாம். நம்ம பக்கத்து ராத்திரியில் அலங்கார விளக்கு போட்ட கோட்டைகள் இல்லை, ஐயா. ஊர் தூங்குவதற்காகக் கண் விழித்தவர்களின் கதைதான் இருக்கிறது. படகோட்டி, செக்கு ஓட்டியவர், கொதிகலன் முன்னால் நைட் ஷிப்ட் பார்த்தவர், மீன் கூடை தூக்குகிறவர். இவர்களில் பலர் நம்முடைய அப்பாக்கள். நம்மைக் கல்லூரிக்கு அனுப்பியதே அந்த நைட் ஷிப்ட் சம்பளம்தான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருஷத்துக்கு ஒரு ராத்திரி, இன்றைய மாணவ மாணவியரைக் கூட்டிக்கொண்டு பழைய மாணவர்கள் இந்த வழியில் போய் வர வேண்டும். காட்சிப் பொருள் பார்ப்பது போல் கேமராவோடு குப்பத்துக்குள் நுழைய வேண்டாம். ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, அங்கே இருக்கிற பெரியவர் ஒருவரைப் பேசச் சொல்லிக் கேட்டால் போதும். அவர் சொல்வதைத் தம்பி தங்கைகள் எழுதி வைத்தால், அடுத்த மலருக்குக் கட்டுரை தேட வேண்டியிருக்காது.