சங்கீதம் வரை வந்து சேராத மொழிபெயர்ப்பு

காரைக்கால் பட்டினச்சேரியிலிருந்து கரையோரமாவே வடக்கே போனா தரங்கம்பாடி வரும். அங்கே 1718-ல் கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது.

1706 ஜூலையில் அவர் கப்பலை விட்டு இறங்கினபோது வயது ஏறக்குறைய 24. தமிழ் படித்தார். 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். அடுத்து பழைய ஏற்பாடு. ஆதியாகமத்தில் தொடங்கி ரூத் வரைக்கும் 8 நூல்கள் முடிந்தன. 1719 பிப்ரவரியில் காலமானார். வயது 36தான்.

சங்கீதம் 19-வது நூல். அதில் 90-ம் சங்கீதம் மனுஷ ஆயுசுக்குக் கணக்குப் போடுகிறது: 70 வருஷம், பலம் இருந்தா 80. காலையில் துளிர்த்து மாலையில் வாடும் புல்தான் அதன் உவமை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கரையில் யாருக்கும் அந்தப் புல்லை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த 70-ல் பாதியை அப்போதுதான் தாண்டியிருந்த சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பு அந்தப் பக்கம் வரை வரவேயில்லை.

துக்க வீட்டில் இந்தச் சங்கீதத்தை வாசிக்கும்போது நம் மனசு புல்லோடவே நின்னுடுது. ஆனா பாட்டு அங்கே முடியலை. நாட்களை எண்ணத் தெரிந்த புத்தியைக் கேட்கிறது. கடைசியில், கைகள் செய்த வேலை நிலைக்கணும்னு வேண்டிக்கொள்கிறது. ஆயுசை நீட்டித் தரும்படி கேட்கவில்லை, கவனிச்சீங்களா?

மிச்சத்தைப் பெஞ்சமின் சூல்ச் எடுத்து முடித்தார். 1728-க்குள் பழைய ஏற்பாடும் தமிழில் அச்சேறிவிட்டது. ரூத் வரைக்குமான பகுதி வீணாகவில்லை. அதன் மேலேதான் அடுத்தவர் வேலை தொடங்கியது.